ஜிபியோஜித்தைக் கொன்றவள்

மே 2, செவ்வாய்

இன்று காலை பதினொன்றரை மணிக்கு அம்மா தன் லேப்டாப்பைச் செருப்பால் அடிக்கப் போனாள். வரலாற்றில் பதிய வேண்டிய நிகழ்ச்சி என்பதால், பத்து மாதமாகத் தொடாத இந்த நாட்குறிப்பைத் தூசி தட்டி எடுத்திருக்கிறேன்.

திரையில் கரப்பான் பூச்சி ஓடுகிற ஒரு விளையாட்டு இலவசமாகக் கிடைத்தது. நேற்று அம்மா குளிக்கப் போன நேரத்தில் இறக்கி வைத்தேன். இன்று அவள் ஒரு கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையின் தாத்தா பெயருக்குப் பின்னாலிருந்து ஒரு கரப்பான் புறப்பட்டது. தாய்மாமன்மார் வரிசையைத் தாண்டியது. நேராகப் போய் 'விருந்து' என்ற சொல்லின் மேல் நின்று மீசையை ஆட்டியது.

"ஏட்டி பெனிட்டா! ஓடியா! கம்ப்யூட்டருக்குள்ள கரப்பான் போயிட்டு!"

"எப்படிம்மா போவும்? விண்டோஸ தொறந்து போட்டிருந்தியா?"

அதோடு நிறுத்தியிருக்கலாம். சிரித்துத் தொலைத்தேன். ஓங்கிய செருப்பு கணினியை விட்டு என் பக்கம் திரும்பியது. முதுகில் ஒன்று. ஆனால் அம்மாவும் சிரித்தாள். "விருந்துல வந்து நிக்கி பாரு, வெவரமான பூச்சி" என்றாள்.

மே 3, புதன்

அம்மாவைப் பற்றி இதுவரை நான் எழுதியதில்லை. பாளையங்கோட்டையில் யாருக்குக் கல்யாணம் நடந்தாலும், யார் செத்தாலும், யார் கவிதை எழுதினாலும் எங்கள் வீட்டு முன்னறை வழியாகத்தான் போக வேண்டும். 'ஜெயசீலி டி.டி.பி.' என்று வாசலில் பலகை. கையெழுத்தில் கொண்டுவருவதை அம்மா தட்டச்சு செய்து, அச்சகத்துக்குத் தயாராகக் கொடுப்பாள். இருபத்து மூன்று வருடமாக அடிக்கிறாள். எத்தனையோ புத்தகம். ஒன்றிலாவது அவள் பெயர் இருக்கிறதா என்று பார்த்தால், சில புத்தகங்களில் கடைசிப் பக்கத்தின் கடைசி வரியில், எறும்பு அளவு எழுத்தில் இருக்கும்.

இந்த இருபத்து மூன்று வருடமும் அவள் ஒன்றைச் சேர்த்து வைத்திருக்கிறாள். பிழைகள். அவள் அடித்த பிழைகள், மற்றவர்கள் எழுதிக் கொண்டுவந்த பிழைகள், அச்சாகி ஊரெல்லாம் போய்ச் சேர்ந்த பிழைகள். கோயில் ஆண்டு விழாவில் 'தலைமை தூங்குபவர்.' கருமாதிச் சுவரொட்டியில் 'தண்ணீர் அஞ்சலி.' ஒரு பத்திரிகையில் 'குற்றமும் நட்பும் சூழ.' பள்ளிக்கூட விழா ஒன்றில் தாளாளரின் 'பன்றியுரை.' ஒவ்வொன்றுக்கும் கீழே அது எப்படி நடந்தது, யார் சண்டைக்கு வந்தார்கள், யார் சிரித்துவிட்டுப் போனார்கள் என்று கதை.

பன்னிரண்டு பக்கத்தை மாதிரிக்கு ஒரு சென்னைப் பதிப்பாளருக்கு அனுப்பியிருந்தாள். இன்று அவர் கூப்பிட்டார். முழுவதையும் மே 31-க்குள் அனுப்பினால் இந்த வருடப் பட்டியலில் போடுகிறாராம்.

"எண்பத்தாறு பக்கம் இருக்கு சார். சரி பாத்து அனுப்புதேன்" என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்தவள், சேலை முந்தானையால் திரையைத் துடைத்தாள். திரை சுத்தமாகத்தான் இருந்தது.

"ஏட்டி, அட்டையில என் பேரு வருமாம்."

"சரியா அடிப்பானுவளாம்மா? 'ஜெயகிலி'ன்னு போட்ராம."

முதல் பக்கத்தில் இருக்கிற பிழைதான் எல்லாவற்றிலும் பெரிசாம். கேட்டேன், சொல்லவில்லை. புத்தகத்தின் பெயரையும் சொல்லவில்லை. வந்த பிறகு பார்த்துக்கொள் என்கிறாள்.

மே 4, வியாழன்

லேப்டாப் மெதுவாக ஓடுகிறது. கத்திரி வெயில். அதற்கும் சோம்பல் இருக்கும்.

மே 5, வெள்ளி

"நடுவுல நடுவுல ஒரு பொம்பள வந்து எடையக் கொறைக்கச் சொல்லுதா. எனக்குச் சொல்லுதாளா, கல்யாணப் பொண்ணுக்குச் சொல்லுதாளா?" என்று அம்மா கேட்டாள். பத்திரிகையின் மேல் விளம்பரம் விளம்பரமாக வந்து விழுகிறது. ஒன்றை மூடினால் இரண்டு திறக்கிறது. கருப்புப் பெட்டி ஒன்று மின்னி மறைகிறது.

எப்படியோ வைரஸ் வந்துவிட்டது.

பக்கத்துத் தெரு ஷைனியிடம் கேட்டேன். அவள் ஒரு காரணம் சொன்னாள். அதை இங்கே எழுத வேண்டிய அவசியமில்லை. இந்த நோட்டின் முதல் பக்கத்தில் 'இதில் பொய் எழுத மாட்டேன்' என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எழுதாமல் விடுவது பொய்யில் சேராது.

மே 6, சனி

வெற்றி!

அம்மா நாசரேத்துக்குக் கல்யாணத்துக்குப் போயிருக்கிறாள். நாளை மாலைதான் வருவாள். அப்பா மதுரை வண்டியில் கண்டக்டர், இன்று டியூட்டி. எனக்கு ஸ்பெஷல் கிளாஸ் இருப்பதாகச் சொல்லி வீட்டில் தங்கிவிட்டேன். அவள் வருவதற்குள் எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிட வேண்டும் என்பது திட்டம்.

முதலில் ஆன்ட்டி-வைரஸ் போட்டோம். ஆன்ட்டி எதையும் கண்டுகொள்ளவில்லை. "ரீசெட் பண்ணிரு. அதுதான் ஒரே வழி" என்றாள் ஷைனி. வேலை ஃபைல்களையெல்லாம் என் பென்டிரைவில் ஏற்றினேன். கல்யாணங்கள், கருமாதிகள், அம்மாவின் வாடிக்கையாளர் ஞானதிரவியம் சாரின் வெண்பாக்கள். 'pizhai' என்று ஒன்று இருந்தது. அம்மாவின் புத்தகம்! அதை முதலில் ஏற்றினேன். நான் ஒன்றும் பொறுப்பில்லாதவள் இல்லை.

பிறகுதான் அவனைப் பார்த்தேன். ஒரு மூலையில், தனியாக, இந்தப் பெயரோடு:

gpioj;jit

"ஜிபியோ... ஜித்?" என்றேன்.

"வாயில நொழையாத பேரு எதுவா இருந்தாலும் வைரஸ்தான்" என்றாள் ஷைனி.

சந்தேகத்துக்கு இடம் வைக்கக் கூடாது என்று அவனையும் பென்டிரைவில் ஏற்றி, விளம்பரத் தொல்லை இல்லாத ஷைனி வீட்டு லேப்டாப்பில் திறந்து பார்த்தோம். பக்கம் பக்கமாகக் குப்பை. ஒரு வார்த்தை ஆங்கிலம் இல்லை, ஒரு எழுத்து தமிழ் இல்லை. ஞாபகார்த்தமாக முதல் வரியை இங்கே எழுதி வைக்கிறேன்:

md;Gld; mopf;fpNwhk;

"ஏ, மூடு மூடு, எங்க வீட்டுக்கும் வந்துரப் போவுது" என்று ஷைனி அலறினாள். பென்டிரைவிலிருந்து அவனை அழித்தேன். வீட்டுக்கு வந்து, மிச்சமிருந்த படங்களையும் அதில் ஏற்றிவிட்டு ரீசெட் போட்டேன். எல்லாவற்றையும் அகற்றவா என்று கேட்டது. ஆம். மீட்க முடியாதபடி சுத்தம் செய்யவா, நேரம் பிடிக்கும் என்றது. ஆம், ஆம். நான்கு மணி நேரம். ஜிபியோஜித் ஒழிந்தான்.

மே 7, ஞாயிறு

அம்மா மக்ரூன் இனிப்புப் பொட்டலத்தோடு வந்தாள். லேப்டாப்பைத் திறந்தவள், "என்னட்டி, புதுசு மாதிரி ஓடுது!" என்றாள். நான் சுத்தம் செய்த கதையைச் சொன்னேன். (சுருக்கமாக.) "எம்புள்ளைக்கு எவ்வளவு அறிவு" என்று பொட்டலத்தை முழுசாக என் மடியில் வைத்தாள்.

பிறகு நாளைக்குத் தர வேண்டிய பத்திரிகையைத் திறந்தாள். திரை முழுக்கக் குப்பை. அதே மாதிரிக் குப்பை. அரைப்புள்ளியும் ஆங்கில எழுத்துமாக.

"ஐயோ, இதையும் தின்னுட்டாம்மா!" என்றேன்.

"யாரு தின்னா? ஃபான்ட்டு இல்லட்டி. ரீசெட் பண்ணும்போது தமிழ் ஃபான்ட்டெல்லாம் போயிருக்கும். அது இருந்தாத்தான் தமிழா தெரியும், இல்லன்னா இப்படித்தான் பல்ல இளிக்கும். நாளைக்கு செல்வின் வந்து போட்டா சரியாயிரும்."

மக்ரூன் ஒன்றைத்தான் தின்றேன். நேற்று எழுதிய பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை.

மே 8, திங்கள்

கம்ப்யூட்டர் கடை செல்வின் அண்ணன் வந்து ஃபான்ட்டைப் போட்டார். குப்பையெல்லாம் ஒரு நொடியில் எழுந்து நின்று தமிழ் ஆனது. மாப்பிள்ளை, தாத்தா, தாய்மாமன்மார், விருந்து. ஒரு புள்ளி குறையவில்லை.

அம்மா மூலை மூலையாகத் தேடினாள்.

"பிழைத்தவை எங்கட்டி?"

"எது?"

"என் புக்குட்டி. அதான் பேரு. 'பிழைத்தவை.' தப்பாப் போனதும் பிழைச்சதுதான், சாவாம தப்பிச்சதும் பிழைச்சதுதான். ரெண்டு அர்த்தம். நீ இப்படியெல்லாம் பேசுவல்லா, ஒனக்குப் பிடிக்கும்னு வச்சேன்."

"'பிழை'ன்னு ஒண்ணு இருந்துச்சே..."

"அது மாதிரிக்கு அனுப்புன பன்னெண்டு பக்கம். முழுசும் வேற இருந்துச்சு. பேரு கன்னாபின்னான்னு இருக்கும். தமிழ்ல அடிக்கிற பழக்கத்துல கை பாட்டுக்கு 'பிழைத்தவை'ன்னு அடிச்சிட்டு. அது இங்கிலீஷ் எழுத்தா விழுந்துச்சு. எனக்குத் தெரியும்லா, யாரு பாக்கப் போறான்னு விட்டுட்டேன்."

மேசை விளிம்பில் விரல்களால் தட்டிக் காட்டினாள். ஒன்பது தட்டு. ஜி, பி, ஐ, ஓ...

"வைரஸ் தின்னுருக்கும்மா" என்றேன்.

"வைரஸ் எங்கேருந்துட்டி வந்துச்சு?"

அந்த நேரம் பார்த்து, வாசல் கம்பியில் தொங்கிய ஞானதிரவியம் சாரின் குடை கண்ணில் பட்டது. காலையில் வந்தவர் மறந்துவிட்டுப் போயிருந்தார்.

"ஞானதிரவியம் சார் பென்டிரைவு..." என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். வாக்கியத்தில் வினைச்சொல்லே இல்லை. வினை மட்டும் இருந்தது.

மே 9, செவ்வாய்

செல்வின் அண்ணன் மூன்று மணி நேரம் உட்கார்ந்தார். "சாதாரணமா அழிச்சிருந்தா எடுத்துரலாம்க்கா. இது தொடச்சுக் கழுவி வச்சிருக்கு. பென்டிரைவுலயும் அதுக்கு மேல வேற ஃபைல் ஏறிட்டு. ரொம்ப சுத்தமாப் பண்ணிருக்கா பாப்பா" என்றார். அவர் பாராட்டாகத்தான் சொன்னார்.

பதினொரு மணிக்கு ஞானதிரவியம் சார் வந்தார். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். இப்போது வெண்பா எழுதுகிறார். எழுதியதைப் பேரன் கணினியில் தானே தட்டுத்தடுமாறி அடித்து, பென்டிரைவில் கொண்டுவருவார். பழைய பள்ளிக்கூட அடையாள அட்டைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டியிருப்பார். 'சார் எப்பவும் ஞாபகத்தோடு திரிகிறார்' என்று நான் கேலி செய்வதுண்டு. 'மெமரி' என்பதால்.

அவர் கயிற்றைத் தலை வழியாகக் கழற்றும்போது அம்மா, "வேண்டாம் சார்" என்றாள்.

"ஏன் ஜெயசீலி?"

"இனிமே பேப்பர்ல எழுதிக் கொண்டாங்க சார். அதுல வைரஸ் இருக்கும்போலருக்கு. என் புக்கு போயிட்டு."

சார் பாதி கழற்றிய கயிற்றோடு நின்றார். காதில் மாட்டிக்கொண்டது. அதை எடுத்துவிடக்கூட அவருக்குத் தோன்றவில்லை. "எல்லாமுமா?" என்று கேட்டார். அம்மா தலையாட்டினாள். அவர் குடையையும் எடுக்காமல் போய்விட்டார். ஓடிப்போய்க் கொடுத்தேன். "தேங்க்ஸ் பாப்பா" என்றார்.

மே 10, புதன்

மக்ரூனில் எறும்பு வந்துவிட்டது.

மே 12, வெள்ளி

ஃபான்ட் சி.டி. உறைக்குள் எந்த விசைக்கு எந்த எழுத்து என்று ஒரு படம் இருந்தது. எடுத்து வைத்துக்கொண்டு ஆறாம் தேதிப் பக்கத்தைத் திறந்தேன். m என்றால் அ. d என்றால் ன. அரைப்புள்ளி போட்டால் புள்ளி. ஒவ்வொன்றாகக் கீழே எழுதிக்கொண்டே வந்தேன்.

அன்புடன் அழிக்கிறோம்.

முதல் பக்கத்துப் பிழை. யாரோ ஒரு வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் 'அன்புடன் அழைக்கிறோம்' என்று வர வேண்டியது இப்படி விழுந்திருக்கிறது. எந்த வீடு, என்ன நடந்தது என்ற கதை அதற்குக் கீழே இருந்திருக்கும். நான் முதல் வரியைத்தான் எழுதி வைத்தேன்.

அந்த ஃபைலுக்கு ஒன்றுமே ஆகியிருக்கவில்லை. எண்பத்தாறு பக்கமும் நன்றாக இருந்தது. ஷைனி வீட்டில் ஃபான்ட் இல்லை, அவ்வளவுதான்.

இன்று சிலேடை ஒன்றும் வரவில்லை.

மே 15, திங்கள்

அம்மா ஞாபகத்திலிருந்து மறுபடியும் அடிக்கிறாள். நடுவில் நின்றுவிடுகிறாள். "அந்த மேலப்பாளையத்துக்காரர் வீட்டுப் பத்திரிகையில என்ன வந்துச்சு? ஒனக்குச் சொல்லிருக்கேனாட்டி?"

சொல்லியிருப்பாள். நான் காதில் ஹெட்ஃபோன் மாட்டியிருந்திருப்பேன்.

பதிப்பாளருக்கு இன்னும் சொல்லவில்லை. ஒன்பது பக்கம் வந்திருக்கிறது. "சிரிப்பே வர மாட்டேங்கி" என்றாள். பிழை ஞாபகம் வருகிறதாம். அதைச் சொல்கிற விதம் ஞாபகம் வரவில்லையாம்.

அவளுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தேன். பாத்திரம் கழுவினேன். துணி மடித்தேன். "என்னட்டி, ஒடம்பு சரியில்லையா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மே 17, புதன்

சார் வந்தார். எப்போதும் செருப்போடு நேராக உள்ளே வருபவர், இன்று வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தார். கழுத்தில் கயிறு இல்லை. சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து மேசை மேல் விரித்தார். உள்ளே நசுங்கிய தகரமும் பச்சைத் துணுக்குகளும்.

"என்ன சார் இது?"

"பென்டிரைவுதான். கல்ல வச்சு நசுக்கிட்டேன் ஜெயசீலி. இன்னொரு வீட்டுல போயி இன்னொருத்தர் ஒழைப்பக் கெடுத்துரக் கூடாதுல்லா."

"ஐயோ, அதுல உங்க பாட்டெல்லாம் இருக்குமே!"

"பழசு ஓங்கிட்ட இருக்கு. புதுசு ஒரு நாப்பது போச்சு. போவட்டும். எழுதுன தாளையும் பேரன் ராக்கெட் விட்டுட்டான்." சிரிக்கப் பார்த்தார். "நாப்பது வருசம் கணக்கு சொல்லிக் குடுத்தேன். ஒரு பயலும் என்னால பெயிலாகல. ஓம் புக்கு மட்டும் எங்கையால... என்ன மன்னிச்சிரும்மா."

"உக்காருங்க சார்" என்றாள் அம்மா. அவர் உட்காரவில்லை.

நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அந்த நேரத்தில் வெளியே வந்து ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். வரவில்லை. சார் போய் வெகுநேரம் ஆன பிறகும் அந்தக் கைக்குட்டை மேசையிலேயே இருந்தது. அதன் மூலையில் நீல நூலில் 'ஞா' என்று தைத்திருந்தது.

மே 18, வியாழன்

முதல் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வாக்குப்படி எழுதுகிறேன்.

கரப்பான் விளையாட்டோடுதான் வைரஸ் வந்தது. ஷைனி அன்றே சொன்னாள். அதை அம்மாவிடம் சொல்லாமல் இருப்பதற்காகத்தான் அவள் இல்லாத நாளில் ரீசெட் செய்தேன். உதவி செய்யவில்லை, மறைத்தேன். அம்மாவின் புத்தகத்தை வைரஸ் என்று நினைத்து அழித்தேன். அது எட்டாம் தேதியே எனக்குத் தெரியும். விரலால் தட்டிக் காட்டியபோதே தெரியும். தெரிந்த பிறகுதான் சார் பெயரைச் சொன்னேன்.

எழுதிவிட்டேன். எழுதியது எனக்கு மட்டும்தான் தெரியும் என்பதால் மனப்பாரம் ஒன்றும் குறையவில்லை.

மே 19, வெள்ளி

சொல்ல மூன்று தடவை போனேன். முதல் தடவை "உப்பு எங்கம்மா" என்றேன். இரண்டாம் தடவை "கரண்ட் போவுமா" என்றேன். மூன்றாம் தடவை அவளே, "என்னட்டி வேணும் ஒனக்கு?" என்றாள். "ஒண்ணுமில்ல."

வாய் இவ்வளவு பேசும், வேண்டிய நேரத்தில் வராது. விரலால் சொல்லலாம் என்று முடிவு செய்தேன். ஃபான்ட் படத்தைப் பார்த்துப் பார்த்து, ஒற்றை விரலால், இரண்டு வரி அடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. திரையின் நட்டநடுவில், அவள் திறந்ததும் கண்ணில் படும் இடத்தில் வைத்தேன். ஃபைலின் பெயர்:

ehd;jhd;

மே 20, சனி

காலை ஒன்பதரைக்கு அம்மா லேப்டாப்பைத் திறந்தாள். நான் அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவள் அதைப் பார்த்தாள். கண் படிக்கவில்லை. விரல்கள்தான் படித்தன. மேசை விளிம்பில் மெல்ல அசைந்தன. ந. கால். ன். த. கால். ன்.

விரல்கள் நின்றன. திறந்து பார்த்தாள். இரண்டு வரியைப் படிக்க அவ்வளவு நேரம் ஆகாது. ஆனது.

"ஏட்டி."

போனேன்.

"இது எந்த 'ளி'?"

திரையைப் பார்த்தேன். 'அம்மா, உன் புத்தகத்தை அளித்தது நான்தான். கரப்பானும் நான்தான், சார் இல்லை.'

"அளித்ததுன்னா குடுத்தது. நீ எனக்கு என்னத்தட்டி குடுத்த?"

"பழத்துல வர்ற 'ழி'ம்மா. அழித்தது."

"அப்ப அதச் சரியா அடி."

அவள் எழுந்து நின்றாள். நான் உட்கார்ந்தேன். படம் இல்லாமல் விசை எங்கே என்று தெரியவில்லை. அவளும் சொல்லவில்லை. தேடித் தேடி, 'ளி'யை அழித்து 'ழி' போட்டேன். கண்ணீர் விசைகளின் மேல் விழுந்தது. அம்மா முந்தானையால் விசைகளைத்தான் துடைத்தாள்.

"தெரியாமச் செஞ்சத நான் கேக்கல. தெரிஞ்சு பன்னெண்டு நாள் சும்மா இருந்திருக்க. அந்த மனுசன் என் முன்னால நின்னு மன்னிப்புக் கேட்டாரு. நானும் கேட்டுட்டு நின்னேன். என்னையும்லா சேத்து அசிங்கப்படுத்திட்ட."

நான் எழுந்து நாற்காலியை அவளுக்கு விட்டேன்.

"சார் வீட்டுல போயி இந்த மாதிரி ஃபைலு வச்சுட்டு வந்துராத. அவருக்கு இது படிக்கத் தெரியாது. வாயால சொல்லு."

மே 21, ஞாயிறு

கோயிலில் சார் எனக்கு இரண்டு பெஞ்ச் முன்னால் இருந்தார். கழுத்து வெறுமையாக இருந்தது. அப்பா விஷயம் தெரிந்து என்னிடம் பேசவில்லை. அம்மா பேசுகிறாள். "சாப்டு", "கதவச் சாத்து", அவ்வளவு.

மே 22, திங்கள்

சொன்னேன்.

சார் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நின்றபடியே, தரையைப் பார்த்து, கரப்பானில் தொடங்கிக் கைக்குட்டை வரை சொன்னேன். நடுவில் எங்கேயும் வேடிக்கையாகச் சொல்லிவிடக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப என் பென்டிரைவுல ஒண்ணுமே இல்லையா பாப்பா?"

"இல்ல சார்."

"சுத்தமா இருந்துச்சா?"

"ஆமா சார்."

முகம் ஒரு கணம் மலர்ந்தது. உண்மையாகவே மலர்ந்தது. அடுத்த கணம் அந்தக் கல் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஒரே முகத்தில் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தேன்.

"நீ போ. இன்னைக்கு எனக்கு ஓங்கூடப் பேச முடியாது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டார்.

கைக்குட்டையைத் துவைத்துத் தேய்த்துக் கொண்டுபோயிருந்தேன். கொடுக்க மறந்துவிட்டேன்.

மே 26, வெள்ளி

சார் ஒரு கோடு போட்ட நோட்டோடு வந்தார். நாற்பதில் இருபத்தேழு வெண்பா ஞாபகம் வந்துவிட்டதாம். எழுதிக் கொண்டுவந்திருந்தார். மிச்சம் பதிமூன்று வரவில்லை. இரண்டில் கடைசி வரி மட்டும் இருக்கிறதாம், முதல் மூன்று வரி இல்லை.

நோட்டை அம்மாவிடம்தான் கொடுத்தார். "பாப்பா அடிக்கட்டும் ஜெயசீலி. தப்பில்லாம" என்றார். என்னைப் பார்க்கவில்லை.

அடிக்கிறேன். ஒரு நாளைக்கு ஐந்து வெண்பாதான் முடியும்போலிருக்கிறது. சீர் உடைத்து அடிக்க வேண்டும். அம்மா திருத்திக் கொடுக்கிறாள். நேற்றுவரை வெண்பா என்றால் வெண்பூசணி என்று கேலி செய்தவள் நான். பதினேழாவது பாட்டில், சாரின் மனைவி இறந்த நாளில் அவர் கரும்பலகையில் பின்னம் போட்டுக் கொடுத்தது வருகிறது. அதை மட்டும் முதலிலேயே அடித்து, மூன்று முறை சரி பார்த்தேன்.

மே 29, திங்கள்

அம்மா பதிப்பாளரைக் கூப்பிட்டாள். "பிழைத்தவை இந்த மாசம் பிழைக்கல சார்" என்றாள். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவள் சிரிக்கவில்லை. இந்த வருடப் பட்டியலில் இடம் முடிந்துவிடுமாம். அடுத்த வருடம் பார்ப்போம் என்றாராம்.

"பார்ப்போம்னா என்னம்மா அர்த்தம்?"

"பார்ப்போம்னுதான் அர்த்தம்."

மே 31, புதன்

இன்றுதான் அனுப்பியிருக்க வேண்டிய நாள்.

காலையில் அம்மா என்னைக் கூப்பிட்டு லேப்டாப் முன் உட்காரச் சொன்னாள். "ஒம்பது பக்கத்தையும் தூக்கிப் போடப் போறேன். அழுதுகிட்டே அடிச்சா சிரிப்பு வருமா? மொதல்லேருந்து சொல்லுதேன், நீ அடி."

அடி. அடிப்பாள், அடிப்பாள் என்று பதினோரு நாளாகக் காத்திருந்தேன். கடைசியில் அது இப்படித்தான் கிடைத்தது.

"மொதப் பக்கத்த மாத்துதேன். போடு. 'அழித்தது' என்பதற்கு 'அளித்தது.' பெனிட்டா, பதினோராம் வகுப்பு. அம்மாவுக்கு எழுதுன மன்னிப்புல."

"அம்மா, வேண்டாம்மா. ஊரே படிக்கும்."

"படிக்கட்டும். அதுக்குக் கீழ என்ன நடந்துச்சுன்னு எழுதணும்லா, அதயும் சொல்லுதேன். கரப்பான்லேருந்து."

சொன்னாள். அடித்தேன். 'விருந்து' என்ற சொல்லின் மேல் அது வந்து நின்று மீசையை ஆட்டிய இடத்தில் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருபத்து நான்கு நாளில் முதல் தடவை. எனக்கும் வந்தது. வந்ததும் வெட்கமாக இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு அடித்தேன். ழ வர வேண்டிய இடத்தில் ழவும், ள வர வேண்டிய இடத்தில் ளவும் இந்த முறை சரியாக விழுந்தன. சார் பெயரை என் வாய் சொன்ன இடம் வந்தபோது அம்மா குரலை மாற்றாமல் சொன்னாள். நானும் நிறுத்தாமல் அடித்தேன். மூன்று பக்கம் ஆனது.

சேமிக்கப் பெயர் கேட்டது. ஒன்பது தட்டு. படம் பார்க்கவில்லை.

"ரெண்டு எடத்துல இருக்கணும் இனிமே" என்றாள் அம்மா.

அந்த நேரம் சார் வந்தார், வெண்பாக்களை வாங்க. கழுத்தில் பழைய கயிறு, அதில் புதிய பென்டிரைவ். அம்மா எழுந்து, "சார், என் புக்கு ஒரு பிரதி உங்ககிட்ட இருக்கட்டும். உங்க கழுத்துல கெடந்தா பத்திரமா இருக்கும்" என்றாள்.

சார் மேசையருகே வந்தார். கயிற்றைக் கழற்றவில்லை. கழற்றாமலே குனிந்து, பென்டிரைவைத் தானே செருகினார். கயிறு குட்டையாக இருந்ததால் அவர் தலை என் தோளுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. முதலில் இருபத்தேழு வெண்பாவை ஏற்றினேன். பிறகு அம்மாவின் மூன்று பக்கத்தை. இரண்டும் ஒரு நொடியில் ஏறிவிட்டன. அவருக்கு அது தெரியவில்லை. குனிந்தபடியே நின்றார்.

"ஏறிட்டா பாப்பா?" என்று கேட்டார். ஒன்பது நாளுக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

"ஏறிட்டு சார்" என்றேன். துவைத்த கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தேன்.